பேச்சுத் துணையில்லாத ஓட்டம்

என் அருமை மாப்பிள்ளை நடேசா,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. திதிக்கு வேண்டிய சாமான்களைப் பாசார் கடைகளில் வாங்கி வைத்தாயிற்று, ஐயரிடமும் சொல்லியாயிற்று. எல்லாம் ஆன பிறகு எனக்கு உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. எங்கே போய்ப் பேசுவது? சுடுகாட்டுப் பக்கம் போய் நின்று பார்த்தேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இதைப் பத்திரிகையில் போடுவதாக அச்சாபீஸ்காரர் சொல்லியிருக்கிறார். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் கொடுக்கிறேன். நம் தண்டவாளக் கூலிகளையெல்லாம் மேய்க்கிற பெருமாள் மண்டோருக்கு யாராவது படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. நேரில் சொன்னால் என் நாக்கு சும்மா இராது. எழுத்தில் கொஞ்சம் அடக்கமாக வரும் என்று பார்க்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகளுக்குத் தனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நீ போனபோது என் தங்கை பாக்கியத்தின் வயிற்றில் இருந்தவள். நெற்றி உன்னுடையது, கோபம் எங்கள் வீட்டுடையது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கை நழுவினால் பொத்தென்று உட்கார்ந்துகொண்டு, நாங்கள்தான் தள்ளிவிட்டோம் என்பதுபோல எல்லோரையும் முறைக்கிறாள். ஒரு நாளாவது அவளை உன் கையில் கொடுத்திருக்கக் கூடாதா அந்தச் சாமி?

பாக்கியம் இப்போதெல்லாம் அழுவதில்லை. ஆரம்பத்தில் அழுதாள், குழந்தை பிறந்த பிறகு நிறுத்திவிட்டாள். சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அழுதுகொண்டிருந்தபோது சமாதானம் சொல்ல எனக்கு ஒரு வழி இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

வேலைச் சேதி அதைவிட மோசம். ரப்பர் விலை விழுந்து, ஈயம் விழுந்து, ரயிலில் ஏற்றச் சரக்கில்லை. ஆள் குறைப்பு என்று சொல்லிக் கூட்டம் கூட்டமாக நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மாலையில் வாசலில் உட்கார்ந்து வம்பளக்கக்கூட ஆள் குறைந்துபோயிற்று. அடுத்த கப்பலில் யார் பெயர் என்று ஒவ்வொருவனும் மற்றவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஓட்டம் என்ன ஆயிற்று மச்சான் என்று கேட்பாய். என்னத்தைச் சொல்ல? நீ போனதோடு அதுவும் போயிற்று.

நாம் ஓட ஆரம்பித்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். ரயில் பட்டறைத் துரை ஒருவர் சீமையில் படிக்கும்போது ஓடினவராம். மூன்று மைல் பந்தயத்துக்கு, தினமும் மூன்று மைலையும் பந்தய வேகத்திலேயே ஓடிப் பழக வேண்டும், நடுவில் தண்ணீர் தொடக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். துரை சொன்னால் வேதம். நம் ஆட்கள் அதோடு பச்சை முட்டையைச் சேர்த்தார்கள். சாயங்காலமானால் முட்டையை உடைத்து உன் வாயில் ஊற்றி, முதுகில் தட்டி அனுப்புவார்கள். நீ ஓடிவிட்டு வந்து அதை அப்படியே வாந்தி எடுப்பாய். பார்த்தீர்களா, எப்படி உயிரைக் கொடுத்து ஓடுகிறான் என்று அதற்கும் ஒரு மெச்சல்.

அந்த வருஷம் கிள்ளான் திடல் பந்தயத்தில் கடைசிக்கு முந்தினவனாக வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? நான் கடைசி. பந்தய நாளுக்கு முன்பே நம் கால்கள் செத்துப்போயிருந்தன. அது அப்போது நம் புத்திக்கு எட்டவில்லை. போதவில்லை, இன்னும் ஓட வேண்டும் என்றுதான் நினைத்தோம்.

நல்லவேளையாக எனக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. நல்லவேளை என்று இன்றைக்கும் சொல்வேன். என்னை விட்டுவிட்டு ஓட மனமில்லாமல் நீ என் நடைக்கு இறங்கி வந்தாய். டமன்சாரா சாலையில் ரப்பர் மரங்கள் நிற்கும் கித்தாத் தோட்டம் வரைக்கும் இரண்டு பேரும் கதை பேசிக்கொண்டே மெதுவாக ஓடிப்போய், பேசிக்கொண்டே திரும்புவோம். மூச்சு வாங்கிப் பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறைத்துக்கொள்வோம். கால் சரியாகும் வரைக்கும் அப்படியே போயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாள், சும்மா பார்ப்போமே என்று நீ வேகம் எடுத்தாய். அம்மாடி, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். சோம்பேறி ஓட்டம் என்று நாம் நினைத்ததில் உன் நெஞ்சுக்கூடு பலப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து அதுதான் நம் வழக்கம். வாரத்தில் பாதிக்கு மேல் பேச்சு ஓட்டம். இரண்டு நாள் மட்டும் தந்திக் கம்பம். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், அதற்கடுத்த கம்பம் வரைக்கும் மாடு மேய்க்கிறவன் போல மெல்லப் போக வேண்டும், மறுபடி வேகம். பந்தயம் நெருங்க நெருங்க வேகக் கம்பத்தை இரண்டாக்கி, மூன்றாக்கினாய். ஞாயிற்றுக்கிழமை ஓட்டமே கிடையாது, தூக்கம். பந்தயத்துக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்தாய். தாகம் எடுத்தால் ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் குடித்தாய். முட்டையை அவித்துத் தின்றாய்.

ஊரார் சிரித்தார்கள். இந்தப் பேச்சு ஓட்டத்தைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். "என்னடா இது ஓட்டம், தேங்கா வாங்கப் போறவன் இதைவிட வேகமாப் போவான்லா" என்று மண்டோரே வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். உனக்கு முகம் சிவந்துவிடும். குவார்ட்டர்ஸ் வரிசையைத் தாண்டுகிற வரைக்கும் மட்டும் வேகமாக ஓடுவாய், வளைவு திரும்பினதும் குறைத்துக்கொள்வாய். "ஏன்டா மாப்ள, அவனுங்க சிரிச்சா உனக்கு என்ன?" என்று கேட்டேன். "கூசுது மச்சான்" என்றாய். அவ்வளவு நல்ல ஓட்டக்காரனுக்கு மெதுவாக ஓடக் கூசிற்று.

அப்படி ஒரு பேச்சு ஓட்டத்தில்தான் நீ என் தங்கையைக் கேட்டாய். கித்தாத் தோட்டத்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். "மச்சான், பாக்கியத்த எனக்குக் குடுப்பியா?" என்றாய். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. "ஏன்டா, மேட்டுல ஏறும்போதா கேப்ப? இறங்கும்போது கேளு, பதில் சொல்றேன்" என்றேன். இறங்கும்போது மறுபடி கேட்டாய். சரி என்றேன். அன்றைக்கு நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் இன்று பூவும் பொட்டுமாக இருந்திருப்பாளோ? இப்படியெல்லாம் நினைப்பு ஓடுகிறது, மாப்பிள்ளை. நினைக்காதே என்று சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை.

அடுத்த பந்தயத்தில் கிள்ளான் திடலில் முதலில் வந்தாய். ஆரம்பத்தில் பின்னால் கிடந்து, பாதிக்கு மேல் ஒவ்வொருவனாகத் தாண்டினாய். போலீஸ்காரர்களைத் தவிர வேறு யாரும் அதில் ஜெயித்துப் பார்த்ததில்லை. நம் ஆட்கள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினார்கள். கோலாலம்பூர் வரும் வரைக்கும் பாட்டு. அன்று சிரித்தவர்களெல்லாம், இவன் ஓடுகிற அழகை நான்தான் முதலில் கண்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். எப்படி ஓடிப் பழகினாய் என்று மட்டும் ஒருவனும் கேட்கவில்லை.

பிறகு பெட்டாலிங் பக்கம் பாதை வேலைக்குப் போய் நீ காய்ச்சலோடு திரும்பினாய். கொய்னா மருந்து கொடுத்து, நடுக்கம் நின்று, ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது டிரஸ்ஸர் உன் வயிற்றை இடது பக்கம் அமுக்கிப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். விலா எலும்புக்குக் கீழே கெட்டியாகத் தட்டுப்பட்டது. "காய்ச்சக் கட்டி. பழுத்த பப்பாளி மாதிரின்னு வெச்சுக்க. லேசா இடிச்சாக்கூட உடைஞ்சிடும். கட்டி கரையற வரைக்கும் ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. நடந்தாப் போதும்" என்றார். நீ தலையை ஆட்டினாய். வரும் வழியில், இந்த வருஷப் பந்தயம் போனால் போகட்டும் மச்சான் என்று நீயே சொன்னாய்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததே. பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை தண்டவாளத்து ஓரம் இருக்கிற முனீஸ்வரனுக்குத் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, ஓடப் போகிறவன் அங்கிருந்து ஸ்டேஷன் சாலை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும் என்பது நம் கூட்டத்து வழக்கம். நீ ஓடப் போவதில்லை என்று மண்டோரிடம் நான் சொல்லியிருந்தேன். "பந்தயத்துக்குப் போக வேணாம்ப்பா. சாமிக்கு மட்டும் ஓடிட்டு வரட்டும். காய்ச்சல் குடுத்ததும் அவன்தான், எடுக்கறதும் அவன்தான்" என்றார். குவார்ட்டர்ஸே வந்து சாலையின் இரண்டு பக்கமும் நின்றது. தேங்காய் உடைந்தாயிற்று. நீ நடக்க ஆரம்பித்தாய். நான் பக்கத்தில் வந்தேன்.

யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. "சாமிகிட்டேயே நடக்கிறான்டா சாம்பியன்" என்று ஒரு குரல். நான் உன் சட்டையைப் பிடித்தேன். "வேணாம் மாப்ள, நடடா" என்றேன். "ரெண்டு கம்பம் மட்டும் மச்சான், சாமி காரியம்" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு ஓடினாய்.

இரண்டாவது கம்பத்தருகே மழை ஈரத்தில் கால் வழுக்கி, லோங்காங் சாக்கடைக் கரைக் கல்லில் வயிறு அடிபட விழுந்தாய். உடனே எழுந்து உட்கார்ந்து சிரித்தாயே, அதுதான் எங்களையெல்லாம் ஏமாற்றிவிட்டது. இடது தோள் வலிக்கிறது என்றாய். விழுந்ததில் பிசகியிருக்கும் என்று எண்ணெய் கொண்டுவந்து தோளை நீவினார்கள். உள்ளே கட்டி உடைந்து ரத்தம் கொட்டினால் வலி தோளில்தான் தெரியும் என்று டிரஸ்ஸர் பிறகுதான் சொன்னார். நீ வெளுத்துக்கொண்டே போனாய். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது விளக்கு வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. நீ போய்விட்டிருந்தாய்.

ஏன்டா ஓடினாய்? ஒரு வருஷமாக இதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் கைப்பிடியை விட அந்தச் சிரிப்பு பெரிதாகப் போய்விட்டதா? டிரஸ்ஸர் சொன்னதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். எந்தச் சாமியடா, தனக்கு நேர்ந்துகொண்டவன் நடந்து வந்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லும்?

உனக்குப் பிறகு நான் தனியாக ஓடிப் பார்த்தேன். முடியவில்லை. பேச்சு இல்லாமல் எனக்கு வேகம் தெரியவில்லை. மெதுவாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே போய்க் கடைசியில் நெஞ்சு அடைத்து நின்றுவிடுகிறேன். ஒரு நாள் வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓடினேன், நீ பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினேன். மரத்தில் பால் வெட்டுகிற பெண் ஒருத்தி பார்த்துவிட்டு வாளியோடு ஒதுங்கிப் போனாள். நம் பையன்களுக்காவது சொல்லிக் கொடுக்கலாம் என்று பட்டறை ஆட்கள் சிலரைக் கூப்பிட்டேன். மெதுவாக ஓடு என்றால் சிரிக்கிறார்கள். பழையபடி தினமும் மூன்று மைல், பழையபடி முட்டை, பழையபடி வாந்தி. நீ கண்டுபிடித்ததெல்லாம் உன்னோடேயே எரிந்துபோயிற்று, மாப்பிள்ளை.

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன். எனக்கும் காய்ச்சல் வந்தது. அதே பாதை வேலை, அதே கொசு. நடுக்கம் போய்விட்டது. அதே டிரஸ்ஸர் என் வயிற்றை அமுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானே கையை வைத்துப் பார்த்தேன். உனக்கு இருந்த அதே இடத்தில் இருந்தது.

போன வாரம் மண்டோர் நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். அவரைத் திட்டிக்கொண்டே எழுதுகிறேனே தவிர, அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆள் இளைத்துவிட்டார். "ரத்தினம், அடுத்த கப்பல்ல நாங்க எல்லாம் போறோம்ப்பா. இத்தன வருஷம் இந்தச் சீமையில தண்டவாளத்தத் தூக்குனதுக்கு ஊர்ல போய்ச் சொல்ல என்ன இருக்கு? நடேசன் ஜெயிச்சது ஒண்ணுதான். இன்னொரு தடவை பார்த்துட்டுப் போயிடறோம். அவன் பேரச் சொல்லி நீ ஓடு" என்றார். கட்டியைச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை முனீஸ்வரன்கிட்ட ஓடு, அவன் பார்த்துப்பான்" என்றார். போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றதால் கேட்கவில்லை.

உன்னிடம் எனக்கு ஒளிவு மறைவு இல்லை. நான் சரி என்று சொல்ல இருந்தேன். ஜெயிப்பேன் என்று அல்ல. காய்ச்சலில் கிடந்த காலோடு யார் ஜெயிப்பது? கட்டி உடைந்தால் உடையட்டும் என்று இருந்தது. உன் பின்னாலேயே வந்துவிட்டால் இந்தத் தனி ஓட்டம் இல்லை, கப்பலில் என் பெயர் வருமா என்ற கவலை இல்லை, காலையில் எழுந்து பாக்கியத்தின் வெறும் நெற்றியைப் பார்க்க வேண்டியதில்லை. சாமி காரியத்தில் போனான் என்று ஊரார் கௌரவமாகவும் பேசுவார்கள். எவ்வளவு சுளுவான வழி பார்த்தாயா?

அப்போதுதான் பாக்கியம் அடுப்படியிலிருந்து வந்தாள். இடுப்பில் தனம். அவ்வளவு ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் அவள் வந்து நின்றதே இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "போயிட்டு வா அண்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல திதி வெச்சுக்கறேன். எனக்கும் வேலை மிச்சம்" என்றாள். குரல் ஏறவில்லை. உப்புப் போதுமா என்று கேட்பதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மண்டோர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். ஆனால் விட்டுவிடவில்லை. பொம்பிளை பேச்சுக்குப் பயந்து நடேசன் பேரைக் கெடுக்கிறான் ரத்தினம் என்று கடைத்தெருவில் பேச்சு. வரும் வெள்ளிக்கிழமைக்குத் தேங்காய் வாங்கியாயிற்றாம். தேங்காய் உடைத்தால் ஓடாமல் என்ன செய்வான், பார்ப்போம் என்கிறார்களாம். உனக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

அன்றைக்கு முழுதும் அவள் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் சொல்லவில்லை அவள். அதற்குத் தயாராகத்தான் இருக்கிறாள். ஐயரைக் கூப்பிட வேண்டும், எள் வாங்க வேண்டும், அண்ணனுக்கும் சேர்த்துப் பிண்டம் பிடிக்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். போகப் போகிறவன் ஒரு நிமிஷத்தில் போய்விடுவான், மிச்சத்தையெல்லாம் அவள் செய்ய வேண்டும். நீ ஓடிய அந்த இரண்டு கம்பத்தை ஒரு வருஷமாக அவள்தான் சுமந்துகொண்டிருக்கிறாள். அவள் மேல் இன்னொன்றை ஏற்றுவதா?

அதனால் இதை அச்சில் சொல்கிறேன். பெருமாள் மண்டோரே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காயை உடையுங்கள், சூடம் காட்டுங்கள், சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். நான் ஓட மாட்டேன். வேறு ஒருவனை நிறுத்துவீர்கள், அவனும் தினமும் வாந்தி எடுத்துத் தோற்பான், அதை என்னால் தடுக்க முடியாது. நீங்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறுவீர்கள். அதற்கும் என்னிடம் மருந்தில்லை.

மாப்பிள்ளை, இதனால் எனக்கு ஒன்றும் விடிந்துவிடவில்லை. கட்டி கரையுமா தெரியாது. கரைந்தாலும் மறுபடி ஓடுவேனா தெரியாது. கோழை என்று பெயர் நிலைத்துவிட்டது. இந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வைத்துக்கொண்டிருப்பேன். பாக்கியம் உனக்கு மட்டும் திதி கொடுக்கட்டும். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

பாக்கியத்தின் அண்ணன், தனத்தின் தாய்மாமன்,
உன் மச்சான் ரத்தினம்
பிரிக்பீல்ட்ஸ்